வீட்டில் வைஃபை பிரின்டர் இருந்தும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறீர்களா? சிக்கல் எங்கே, சரிசெய்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மாலை. மறுநாள் காலை வங்கியில் வீட்டுக் கடனுக்கான பேப்பர்களைக் கொடுக்க வேண்டும். வில்லங்கச் சான்று, பான் கார்டு, ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் லேப்டாப்பில் பிடிஎஃப்-ஆக ரெடி. இரண்டடி தள்ளி மேசை மேல் புத்தம் புதிய வைஃபை பிரின்டர். அதன் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. லேப்டாப்போ, அப்படி ஒரு பிரின்டரே அக்கம்பக்கத்தில் இல்லை என்று சாதிக்கிறது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். "விடும்மா, கடையில போய் எடுத்துட்டு வந்துடறேன். வாட்ஸ்அப்ல அனுப்பினா அஞ்சு நிமிஷ வேலை."

எங்கள் வீட்டுக் கதைதான். ஆபீஸில் சொன்னபோது நாலு பேர், "எங்க வீட்லயும் அதேதான்" என்றார்கள். 12,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய மெஷின் மூலையில் தூங்குகிறது, நாம் பக்கத்துக்கு இவ்வளவு என்று கடையில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பணம்கூடப் பரவாயில்லை. அந்த "வாட்ஸ்அப்ல அனுப்பினா" என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். நாம் அனுப்பும் ஆதார், சம்பள ஸ்லிப், ஸ்டேட்மென்ட் எல்லாம் அங்கே டவுன்லோடு ஆகி, அடுத்த ஆளின் ஹால் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இ-ஆதார் பிடிஎஃப்-ஐத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும், பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும். அதையும் கவுன்ட்டரில் நின்று சத்தமாகச் சொல்கிறோம்! கடைக்காரர்கள் தப்பானவர்கள் என்று சொல்லவில்லை. அழிக்க அவருக்கு நேரமில்லை, கேட்க நமக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் இதைப் பற்றியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' பயன்படுத்துங்கள், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை டவுன்லோடு செய்வதைத் தவிருங்கள் என்றது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போய்விட்டது, பிரச்னை போகவில்லை. அதனால்தான் வீட்டு பிரின்டரை வேலை செய்ய வைப்பது வெறும் சோம்பல் விஷயம் இல்லை என்கிறேன்.

இணைக்க வேண்டியது ஒன்றல்ல, இரண்டு

பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு, லேப்டாப்பைத் திறந்து பிரின்டரைத் தேடுவது. ஹெட்செட்டை புளூடூத்தில் இணைப்பது போல இதுவும் நேரடி இணைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. வைஃபை பிரின்டர் முதலில் உங்கள் வீட்டு ரவுட்டருடன் சேர வேண்டும். லேப்டாப் ஏற்கெனவே அந்த ரவுட்டரில் இருக்கிறது. இருவரும் ஒரே வீட்டுக்குள் வந்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியும். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது என்றால், பெரும்பாலான மாடல்களில் அதற்கு அர்த்தம், பிரின்டர் இன்னும் வாசலில்தான் நிற்கிறது என்பது. அது உள்ளே வராதவரை லேப்டாப்பில் நூறு முறை தேடினாலும் கிடைக்காது.

எங்கள் வீட்டிலும் அது வாசலிலேயேதான் நின்றது. மூன்று நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது.

2.4-ஆ, 5-ஆ?

இப்போது ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டர்களில் பெரும்பாலானவை இரண்டு அலைவரிசைகளில் வைஃபை கொடுப்பவை. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று வாலோடு தெரிவது இதுதான். மொபைல் 5ஜி-க்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

வீட்டுக்கென விற்கும் விலை குறைந்த பிரின்டர்களில் பல 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். 5 என்று ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. நாமோ போனை வேகமான 5-ல் போட்டு வைத்திருப்போம். பிரின்டர் கம்பெனியின் ஆப், போன் எந்த வைஃபையில் இருக்கிறதோ அதிலேயே பிரின்டரையும் சேர்க்கப் பார்க்கும். பிரின்டருக்கு அந்தப் பெயரே தெரியாது. ஆப் சுற்றும், சுற்றும், கடைசியில் 'மீண்டும் முயலவும்' என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

தீர்வு சின்னது. செட்டப் செய்யும்போது மட்டும் போனை 2.4 வைஃபைக்கு மாற்றுங்கள். பிரின்டர் சேர்ந்ததும் போனைப் பழையபடி 5-க்கே கொண்டுபோய்விடலாம். லேப்டாப்பையும் 2.4-க்கு இறக்க வேண்டியதில்லை. ஒரே ரவுட்டரின் இரண்டு வாசல்கள் என்பதால் சாதாரண வீட்டு ரவுட்டரில் இரண்டும் பேசிக்கொள்ளும். ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்திருந்தால் பிரின்டர் தானாகவே 2.4-ஐப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ரவுட்டர் செட்டிங்ஸில் 5-ஐப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு முயன்று பாருங்கள்.

இங்கே எனக்கு ஒரு கோபம் உண்டு. பெட்டியின் முன்பக்கம் 'வயர்லெஸ்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். '2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்' என்பது உள்ளே தொழில்நுட்ப விவரப் பட்டியலில் எறும்பு எழுத்தில் கிடக்கிறது. அதே ஒரு வரியைப் பெட்டி மேலே, தமிழிலும் சேர்த்து, ஒட்டினால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகும்? சில ஆப்கள் இமெயில் கொடுத்து அக்கவுண்ட் தொடங்காமல் உள்ளேயே விடுவதில்லை. பேப்பரில் மை போடும் மெஷினுக்கு என் இமெயில் எதற்கு?

ஆப் இல்லாமல் சேர்க்க

திரை உள்ள பிரின்டர் என்றால் அதன் மெனுவிலேயே வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு அடிக்கலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து கவனம். திரை இல்லாவிட்டால் டபிள்யூபிஎஸ் பட்டன். ரவுட்டரில் அதை அழுத்திவிட்டு, 2 நிமிடத்துக்குள் பிரின்டரின் வைஃபை பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். எத்தனை விநாடி, கூடவே வேறு பட்டன் அழுத்த வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பேப்பரைத் தூக்கிப் போடாமல் இருந்தால் அதில் இருக்கும். ரவுட்டர் 'டபிள்யூபிஏ3' பாதுகாப்பில் மட்டும் ஓடினால் இந்தப் பட்டன் பலிக்காது, பழைய பிரின்டர்களும் சேராது. டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்த முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சேர்ந்துவிட்டதா என்பதை பிரின்டரிடமே கேட்கலாம். பல மாடல்களில் 'ஐ' பட்டனையோ வைஃபை பட்டனையோ அழுத்தினால் நெட்வொர்க் விவரத்தை ஒரு பக்கமாக அச்சடித்துத் தரும். அதில் ஐபி முகவரி 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் நல்ல செய்தி. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்போது லேப்டாப்புக்கு வருவோம்

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அதில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதில் 'பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்', அங்கே 'ஆட் டிவைஸ்'. மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்'. முதல் இணைப்பு சரியாக நடந்திருந்தால் பெயர் தானாக வந்து நிற்கும். வராவிட்டால் விண்டோஸில் கையால் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, பிரின்டர் அச்சடித்துத் தந்த அந்த ஐபி முகவரியை அடித்துவிடுங்கள்.

அப்போதும் கண்ணில் படவில்லையா? உங்கள் வீட்டு வைஃபையை விண்டோஸ் 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருக்கலாம். வைஃபை பெயரின் புராப்பர்ட்டீஸில் 'பிரைவேட்' ஆக்குங்கள். வீட்டில் மட்டும், காபி ஷாப்பில் இதைச் செய்யாதீர்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: விபிஎன். ஆபீஸ் விபிஎன் ஓடும்போது, கம்பெனி அமைத்திருக்கும் விதத்தைப் பொறுத்து, லேப்டாப்பின் பேச்சுவார்த்தை முழுக்க ஆபீஸ் வழியாகவே போகும். பக்கத்து மேசையில் இருக்கும் பிரின்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது. காலையில் ஓடிய பிரின்டர் பத்து மணிக்கு லாகின் செய்ததும் காணாமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம். சொந்த வேலை என்றால் விபிஎன்-ஐத் துண்டித்துவிட்டு, அல்லது சொந்த லேப்டாப், போனிலிருந்து பிரின்ட் எடுங்கள். ஆபீஸ் ஃபைல் என்றால் ஐடி டீமிடம் கேட்பதுதான் சரி. ஃபைலை ஜிமெயிலுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு விளக்கக் கடிதம் எழுத வேண்டாம்.

பிஜி, ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். அங்கே ஒருவர் கருவியை இன்னொருவர் பார்க்க முடியாதபடி வைஃபையில் தடுப்பு போட்டிருப்பார்கள். அது உங்கள் பாதுகாப்புக்குத்தான், ஆனால் பிரின்டரையும் மறைத்துவிடும். அங்கே வைஃபை டைரக்ட் கைகொடுக்கும். வைஃபை பட்டியலில் 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயரோடு பிரின்டரே ஒரு சின்ன வைஃபையைப் பரப்பும். அதில் சேர்ந்து பிரின்ட் எடுக்கலாம். அந்த நேரத்தில் லேப்டாப்பில் நெட் இருக்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். போன் ஹாட்ஸ்பாட்டிலும் பிரின்டரைச் சேர்க்கலாம். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'யை ஆன் செய்யுங்கள், அப்போதுதான் 2.4-க்கு இறங்கும். இதெல்லாம் முடியாவிட்டால் ஒரு யூஎஸ்பி கேபிள். வெட்கமே வேண்டாம்.

நேற்று வரை ஓடியது, இன்று 'ஆஃப்லைன்'

கரண்ட் போய் வந்ததா? ரவுட்டர் மறுபடி எழுந்ததும் பிரின்டருக்குப் புது ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். லேப்டாப் பழைய முகவரிக்கே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பிரின்டரை அணைத்து ஆன் செய்து பாருங்கள். அடிக்கடி நடந்தால் ரவுட்டர் செட்டிங்ஸில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பிரின்டருக்கென ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். ஒரு தடவை செய்தால் போதும். அதற்கு முன் வரிசையில் தேங்கி நிற்கும் வேலைகளை கேன்சல் செய்யுங்கள். கோபத்தில் ஐந்து முறை பிரின்ட் கொடுத்திருப்போம்; இணைப்பு வந்ததும் ஐந்தும் வரிசையாக வந்து விழும்.

தேடலில் வரும் 'கஸ்டமர் கேர்'

இவ்வளவு செய்தும் வராதபோது எல்லோரும் செய்வது, பிரின்டர் பெயரோடு 'ஹெல்ப்லைன் நம்பர்' என்று கூகுளில் தேடுவது. அங்கேதான் வலை விரித்திருக்கிறார்கள். கம்பெனி லோகோவோடு போலித் தளங்கள், எடுத்ததும் அன்பாகப் பேசும் ஆட்கள், "ஒரு ஆப் போடுங்க சார், நாங்களே சரி பண்ணிடறோம்". அந்த ஆப் உங்கள் திரையை அவர்கள் கையில் கொடுத்துவிடும். அடுத்து நெட் பேங்கிங்தான். நம்பரை பிரின்டர் பெட்டியிலிருந்தோ, நீங்களே முகவரி அடித்துத் திறந்த கம்பெனித் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

டிரைவர் தேடியும் எங்கெங்கோ அலைய வேண்டாம். ஆப்பிள் 2010-லேயே ஏர்பிரின்ட் கொண்டுவந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட்டும் கம்பெனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்துவதாக 2023-ல் அறிவித்தது. இன்றைய பிரின்டர்களில் பல, தனி டிரைவர் இல்லாமலே அடிப்படை பிரின்ட் வேலையைச் செய்யும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரின்டரின் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்தால் பல மாடல்களில் அதன் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். அங்கே அட்மின் பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். 2018 நவம்பரில் இணையத்தில் திறந்து கிடந்த சுமார் 50,000 பிரின்டர்களில், ஒரு யூடியூபரை ஆதரிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு அச்சடிக்க வைத்ததாக ஒரு ஹேக்கர் சொல்லிக்கொண்டார். அவர் விளையாட்டாகச் செய்தார், எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். பழைய பிரின்டரை விற்கவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், முதலில் ஃபேக்டரி ரீசெட். உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அதற்குள்தான் இருக்கிறது.