கணினிக்கும் நாள்வழி உண்டு

நமது தொழிலில் முதல் என்பது கிட்டங்கியில் அடுக்கியிருக்கும் சரக்கு மட்டுமல்ல. வெளியில் நிற்கும் பாக்கியும் முதல்தான். அந்தப் பாக்கிக்கு ஆதாரம் கணக்கு. முன்பு அது பேரேட்டில் இருந்தது. இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய நாம், கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

"தினம் ராத்திரி காப்பி எடுக்கிறோமே" என்பார்கள் உறுப்பினர்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், மாலை ஆறு மணிக்கு எங்கள் கடைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் நின்றுபோயிற்று. முதல்நாள் இரவு எடுத்த காப்பி பத்திரமாக இருந்தது. ஆனால் அன்று காலையிலிருந்து போட்ட பில்கள்? பாதிக்கு மேல் கடன் பில். லாரி செட்டில் இருந்த ரசீதுகளையும், சுமைகூலிக்காரர்கள் வைத்திருந்த மூட்டைக் கணக்கையும் கொண்டு மூன்று இரவு உட்கார்ந்து திரும்ப எழுதினோம். சில்லறைக் கடைக்காரர்கள் பலர் தங்களிடமிருந்த பில்லைத் தாங்களாகவே கொண்டுவந்து காட்டினார்கள். அதை என்றும் மறக்க முடியாது. இருந்தும் ஒரு தொகை போனது போனதுதான்.

அதன் பிறகே விவரம் கேட்டறிந்தோம். எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற டேட்டாபேஸில் ஓடும் பில்லிங் மென்பொருளில் நமது பழைய முறையே இருக்கிறது. எந்த வரவு செலவும் முதலில் 'லாக்' என்னும் கோப்பில் வரிசையாக எழுதப்பட்டு, பிறகுதான் முதன்மைக் கோப்பில் ஏறுகிறது. லாக் நாள்வழி, முதன்மைக் கோப்பு பேரேடு. பேரேடு எரிந்தாலும், பழைய நகலும் அதற்குப் பின் எழுதிய நாள்வழியும் இருந்தால் கணக்குப்பிள்ளை மறுபடி ஏற்றிவிடுவார் அல்லவா? டேட்டாபேஸும் அதையே செய்கிறது. மாலை 4 மணிக்குப் பையன் தவறி ஒரு பார்ட்டியின் கணக்கை அழித்துவிட்டால், 3.59 நிலவரத்துக்குத் திரும்பவும் முடியும்.

இதற்கு அதை 'ஃபுல் ரெகவரி' முறையில் வைத்திருக்க வேண்டும். 'சிம்பிள்' முறையில் பழைய லாக்கின் மேலேயே புதியது எழுதப்படும். கடைசிக் காப்பியோடு சரி. எங்களுக்கு மென்பொருள் விற்றவர் சிம்பிளில் வைத்துவிட்டுப் போயிருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபுல் முறையில் வைத்துவிட்டு லாக்கைக் காப்பி எடுக்காமல் விட்டாலும் தொல்லை: அது வளர்ந்து டிஸ்க்கையே அடைத்துவிடும், பில் போட முடியாது. இப்போது எங்கள் கடையில் இரவில் முழுக் காப்பி. வியாபார நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறை லாக் காப்பி, வேறொரு கம்ப்யூட்டருக்கு. இந்த வசதியில்லாத மென்பொருள் வைத்திருப்பவர்கள் மத்தியானமும் ஒரு காப்பி எடுக்கலாம். பில்லின் இரண்டாம் படியைக் கட்டிவைக்கலாம்.

காப்பி கடைக்குள்ளேயே இருப்பதும் போதாது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியிலும் வெள்ளம் புகுந்த கடைகளில் மேஜையும் டிராயரும் சேர்ந்தேதான் நனைந்தன. கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்த பென் டிரைவை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸும் விடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்க வேண்டியவர்கள் நாம். மின்னணுக் கணக்குக்கு முறையான காப்பி வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. அதிகாரியிடம் "டிஸ்க் போய்விட்டது" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆண்டுச் சந்தா வாங்க வரும் மென்பொருள்காரரிடம் ஒன்று கேளுங்கள்: எடுத்து வைத்த காப்பியை, நம் கண்முன் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய கடைசி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஆண்டு நாங்கள் கேட்டோம். வந்த பையன் முதல் தடவை திணறினான். இரண்டாம் தடவைதான் திறந்தது. அதற்குப் பிறகே செக் எழுதினோம்.