இருபது மடங்கு என்னும் இம்சை

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். புதுசா பவளத் தொட்டி வைக்கப் போறார். என் வீட்டுத் தொட்டியைப் பார்த்துத்தான் மனுஷன் இந்தக் குழியில விழுந்தார் என்பதால் எனக்குக் கொஞ்சம் பொறுப்பு உண்டு. "தல, பம்ப் வாங்கிட்டேன். மணிக்கு 5000 லிட்டர். கணக்குப் போட்டா தொட்டித் தண்ணியைப் போல முப்பது மடங்குக்கு மேல வருது. கடைக்காரர் இருபது மடங்கே போதும்னார். நான் சேஃப்தானே?" என்றார் குஷியாக.

நான் உடனே பதில் சொல்லலை. ஏன்னா நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே கணக்கைப் போட்டு, இதே மாதிரி ஒரு பம்பை வாங்கி, ஒரு உயிரைக் கொன்ன புண்ணியவான் அடியேன். அவர்கிட்ட போன்ல பேசினதைக் கொஞ்சம் விரிவா இங்கயும் கொட்டிடறேன். சூடாத்தான் இருக்கும். பொறுத்துக்குங்க மக்களே.

தொட்டி பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. பவளம் பார்க்கக் கல்லு மாதிரியும் செடி மாதிரியும் இருக்கும். ஆனா அது விலங்கு. ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு வாழற விலங்கு. பசிச்சா சாப்பாட்டைத் தேடிப் போக முடியாது. மூச்சு முட்டினா நகர முடியாது. தன் கழிவை விட்டுத் தள்ளி உட்காரவும் முடியாது. எல்லாத்தையும் தண்ணிதான் கொண்டு வரணும், தண்ணிதான் கொண்டு போகணும். கடல்ல அலையும் நீரோட்டமும் பார்க்கிற இந்த வேலையைத் தொட்டியில ஒரு பிளாஸ்டிக் பம்ப் பார்க்குது.

இன்னொரு விஷயம். எந்தப் பொருள் மேல தண்ணி ஓடினாலும் அதன் மேற்பரப்பை ஒட்டி மெல்லிசா ஒரு படலம் கிட்டத்தட்ட அசையாம நிக்கும். பவளத்தின் தோலை ஒட்டியும் அப்படித்தான். ஆக்சிஜனும் கழிவும் அந்தப் படலத்தை மெதுவா ஊடுருவித்தான் போய் வரணும். ஓட்டம் நல்லா இருந்தா படலம் மெலியும். ஓட்டம் இல்லைன்னா தடிக்கும். ராத்திரியில, சுத்தி இருக்கிற தண்ணியில ஆக்சிஜன் இருந்தும், பவளம் மூச்சுத் திணறலாம். பகல்ல நேர் எதிர். பவளத்தின் உடம்புக்குள்ள இருக்கிற நுண்பாசி வெளிச்சத்துல ஆக்சிஜனைத் தயாரிச்சுத் தள்ளும். அது வெளியேற வழியில்லாம தேங்கினா பாசியோட வேலையே மந்தமாயிடும். இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் தாலி மாஸ், அமாட்சியா கெனின் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: நீரோட்டம் கூடும்போது ஆக்சிஜன் வெளியேறுவது கூடுது, ஒளிச்சேர்க்கையும் கூடுது.

இதை ஏன் சொல்றேன்னா, நம்மாளுங்க லைட்டுக்கு அறுநூறு வெள்ளி கொட்டுவாங்க. பம்புன்னு வந்ததும் பாக்கெட்ல மிச்சமிருக்கிற சில்லறையைத் தேடுவாங்க. லைட்டுக்குப் போட்ட காசு வேலை செய்யணும்னாலே தண்ணி ஒழுங்கா ஓடணும் சாமிகளா!

சரி, என் பாவக் கதைக்கு வருவோம்.

என் முதல் தொட்டி மூணடி. 90க்கு 45க்கு 45 செ.மீ. கல்லு, மணல் போக சுமார் 150 லிட்டர் தண்ணி. சிங்கப்பூர்ல ஒரு கடையில (பேர் வேண்டாம்) "எத்தனை மடங்கு வேணும்?"னு கேட்டேன். "இருபது, முப்பது" என்றார். 5000 லிட்டர் பம்ப் ஒண்ணை எடுத்துக் கொடுத்தார். 5000-ஐ 150-ஆல் வகுத்தா 33. ஆஹா, பாஸ்னு சந்தோஷமா வந்தேன். அது நீரூற்றுக்கும் தண்ணி ஏத்தவும் வைக்கிற சாதா மூழ்கு பம்ப் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

மாட்டின முதல் நாளே ஒரு மூலையில மணல் பறந்து அடிக்கண்ணாடி தெரிஞ்சது. நேர் எதிர்ல ஹேமர் கோரல் ஒண்ணு வச்சிருந்தேன். கொழுகொழுன்னு விரல் விரலா ஆடற பவளம். ரெண்டே நாள்ல விரலை எல்லாம் உள்ள இழுத்துக்கிச்சு. "புது இடம், பழகிடும்" என்றார் கடைக்காரர். ஒரு வாரத்துல ஒரு பக்கம் சதை எலும்புக்கூட்டை விட்டு உரிய ஆரம்பிச்சது. அப்புறம் பழுப்பு நிறத்துல கூழ் மாதிரி ஒண்ணு படர்ந்தது. மூணாவது வாரம் தொட்டியில கை விட்டா நாத்தம். வெளிய எடுத்துப் போட்டேன். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

இதுல பெரிய காமெடி என்னன்னா, அதே நேரம் கல்லுக்குப் பின்னாடி தண்ணி அசையவே இல்லை. மீன் கழிவும் சாப்பாட்டு மிச்சமும் அங்க குவிஞ்சு, மேல சிவப்புக் கம்பளம் மாதிரி வழவழன்னு படர்ந்திருந்தது. (பாசின்னு நினைச்சேன். அது சயனோபாக்டீரியா.) ஒரே தொட்டியில முன்னாடி புயல், பின்னாடி சாக்கடை. சராசரி போட்டா 33 மடங்கு. கணக்கு சரி, பவளம் காலி.

அதான் என் சண்டை. "எத்தனை மடங்கு" என்பது பம்ப் தேர்வுக்கு அரைகுறைக் கேள்வி. அதுக்கு வர்ற பதிலும் அரைகுறைதான். ஒரு மணி நேரத்துல எவ்வளவு தண்ணி பம்புக்குள்ள போய் வருதுன்னு அது சொல்லும். அந்தத் தண்ணி எந்த வேகத்துல, எவ்வளவு அகலமா, எங்க போகுதுன்னு சொல்லாது.

கால்குலேட்டரை எடுங்க. 5000 லிட்டரை 25 மி.மீ. வாய் வழியா வெளிய தள்ளினா வேகம் வினாடிக்கு 2.8 மீட்டர். மணிக்கு பத்து கிலோமீட்டர், ஒரு ஆள் ஓடற வேகம். அதே 5000 லிட்டரை 75 மி.மீ. அகல வாய் வழியா விட்டா? விட்டம் மூணு மடங்கு, பரப்பு ஒன்பது மடங்கு. வேகம் 31 சென்டிமீட்டரா இறங்கிடும். டப்பாவுல ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் போட்டிருக்கும். தோட்டத்து ஹோஸ் பைப் வாயைக் கட்டை விரலால அடைச்சு விளையாடின எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. பம்ப் வாங்கும்போது மட்டும் மறந்துடுது. தொட்டிக்குள்ள போனதும் அந்தப் பீச்சல் விரிஞ்சு வேகம் குறையும், உண்மைதான். ஆனா மூணடித் தொட்டியில அது விரியறதுக்குள்ள பவளம் வந்துடும்!

"கடல்ல மட்டும் அலை மெதுவாவா அடிக்குது?"ன்னு ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. பவளத்திட்டின் முகட்டுல அலை வேகமாத்தான் அடிக்கும். ஆனா அடிச்ச தண்ணி திரும்பி வரும். முன்னும் பின்னும், இடமும் வலமும் மாறிக்கிட்டே இருக்கும். ஒரே பக்கத்துல இருந்து, ஒரே இடத்துல, 24 மணி நேரமும் பீச்சி அடிக்கிற கடலை நீங்க பார்த்திருக்கீங்களா?

ரெண்டாவது சண்டை, "தனியா பம்ப் எதுக்கு? சம்ப்ல இருந்து மேல ஏத்துற ரிட்டர்ன் பம்பையே பெருசா போட்டா போச்சு" என்கிற கோஷ்டியோட. டப்பாவுல போட்டிருக்கிற லிட்டர் உயரமே ஏத்தாத கணக்கு. கீழ இருக்கிற சம்ப்ல இருந்து ஒண்ணரை மீட்டர் மேல ஏத்தும்போது பல பம்புகள்ல அது ரொம்பவே குறையும். அந்தக் குறையை ஈடுகட்டப் பெரிய பம்ப் போட்டா கரண்ட் எகிறும், வழியற குழாய் கொர்கொர்னு கத்தும். ரிட்டர்ன் பம்போட வேலை தண்ணியை வடிகட்டிக்கு அனுப்பித் திருப்புறது. அதுக்கு மணிக்கு நாலஞ்சு தடவை போதும். கலக்குற வேலைக்கு வேற ஆளைப் போடுங்க.

மூணாவது, சீனியர்கள். (அடிக்க வராதீங்க, நானும் இப்போ பாதி சீனியர்.) அக்ரோபோரா வளர்க்கிற அண்ணாச்சி தன் தொட்டிக்கு ஐம்பது மடங்கு வச்சிருப்பார். அந்தப் பவளத்துக்கு அது வேணும். நேத்து ஆரம்பிச்ச பையன் வந்து கேட்டா அதே ஐம்பதை எடுத்து நீட்டுவார். பையன்கிட்ட இருக்கிறது மஷ்ரூமும் லெதர் கோரலும். மஷ்ரூம் அந்த அடியில கல்லை விட்டுப் பிச்சுக்கிட்டுப் போயிடும். லெதர் கோரலுக்கு மிதமான ஓட்டம் இருந்தா நல்லது, அப்பப்போ உரிக்கிற மெழுகுத் தோலைத் தள்ளிவிட. ஹேமருக்கு மெல்ல ஆடற அளவு. என்ன வளர்க்கப் போறேன்னு கேட்காம எத்தனை மடங்குன்னு மட்டும் சொல்றது, வயசைக் கேட்காம மருந்துச் சீட்டு எழுதற மாதிரி.

நம்பரே வேண்டாம்னு சொல்லலை. மணிக்கு ரெண்டு தடவைகூடத் தண்ணி கலங்காத தொட்டிகளையும் பார்த்திருக்கேன். "இருபது" அவங்களைக் கொஞ்சம் காப்பாத்தும். அது ஒரு ஆரம்பப் புள்ளி. அதையே முடிவா வச்சு வியாபாரம் பண்றதுதான் எனக்குப் பிடிக்கலை.

"திட்டறது ஈஸி, என்ன வாங்கணும்னு சொல்லுய்யா" என்பவர்களுக்கு, மூணடித் தொட்டி, முதல் வருஷம், மெத்துப் பவளங்கள் என்று வச்சுக்கிட்டு:

1. ப்ரொப்பெல்லர் வச்ச, அகலமா விரியற பம்ப் வாங்குங்க. டுன்ஸே ஸ்ட்ரீம் மாதிரியான பம்புகள் பிரபலமாக்கின வகை. இன்னிக்குக் குறைஞ்ச விலையிலயும் நிறைய இருக்கு. அழுத்தம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாததால கரண்டும் ரொம்பக் கம்மி. என் பழைய பம்ப் 80 வாட். இப்போ இருக்கிறது பத்து வாட் சுமாருக்கு. மாசத்துக்கு ஐம்பது யூனிட் வித்தியாசம். அந்த 80 வாட்டும் கடைசியில தொட்டித் தண்ணியில சூடாத்தான் இறங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு அதை வெளியேத்த சில்லர் தனியா கரண்ட் தின்னும்.

2. பெருசு ஒண்ணுக்குப் பதிலா சின்னது ரெண்டு. ஒவ்வொண்ணும் 2000 லிட்டர் அளவு. எதிரெதிர்ப் பக்கம், வேற வேற உயரம், வேற வேற பிளக். ஒண்ணு நின்னா இன்னொண்ணு ராத்திரி மூச்சைக் காப்பாத்தும்.

3. வேகத்தைக் கூட்டக் குறைக்கிற வசதி கட்டாயம். ரெண்டும் மாறி மாறி ஓடற மாதிரி வச்சா திசையும் மாறும். சாதா ஏசி பம்பை டைமர் போட்டு நிமிஷத்துக்கொரு தரம் நிறுத்தி ஓட்டாதீங்க, சீக்கிரம் தேயும்.

4. எதையும் பவளத்துக்கு நேரா திருப்பாதீங்க. முன் கண்ணாடியில மோதிச் சிதறட்டும். ஒண்ணு கொஞ்சம் மேல பார்த்து, தண்ணியின் மேற்பரப்பு நெளியற மாதிரி இருக்கட்டும். கல்லைப் பின் சுவரை ஒட்டி அடுக்காம ஒரு கை போற இடம் விடுங்க. அதனாலதான் பம்பைக் கல்லுக்கு முன்னாடியே வாங்கணும்கிறேன்.

5. மாட்டினதும் ஒரு சிட்டிகை மீன் உணவைக் கரைச்சு விட்டு வேடிக்கை பாருங்க. எங்க போய்ப் படியுது? அங்க ஓட்டம் இல்லை. பம்பைத் திருப்புங்க, மறுபடி பாருங்க. பவளம் முன்னும் பின்னும் ஆடினா சரி. ஒரே பக்கம் சாய்ஞ்சு நின்னா தப்பு. இது காசில்லாத மீட்டர்.

6. கடல் அனிமோன் வச்சிருந்தா பம்ப் வாய்க்குப் பாதுகாப்பு வலை போடுங்க. அது ஊர்ந்து போய் உள்ள மாட்டினா அனிமோனும் காலி, தொட்டியும் காலி. வயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கீழ தொங்கி மேல ஏறணும், சொட்டுற தண்ணி பிளக்குக்குள்ள போகாது. மூணு மாசத்துக்கொரு தரம் கழட்டி வினிகர்ல ஊறவைங்க.

நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். "அப்போ இந்த 5000?" என்றார் பாவமாக. உப்புத்தண்ணி கலக்குற டிரம்முக்கு வச்சுக்குங்கன்னேன். என்னோடதும் அங்கதான் ஓடிக்கிட்டு இருக்கு. வாராவாரம் தண்ணி மாத்தும்போது அதைப் பார்க்கிறேன், அந்த ஹேமர் ஞாபகம் வருது.

கடைகள்ல இருக்கிற பவளங்கள்ல பலது எங்கயோ கடல்ல இருந்து பேத்தெடுத்து, பாலிதீன் பையில அடைச்சு, விமானம் ஏறி வந்தது. அவ்வளவு தூரம் பிழைச்சு வந்த உயிரை நம்ம வீட்டுக் கூடத்துல வச்சு ஒரு வகுத்தல் கணக்கால கொல்லக்கூடாது. கடைக்காரங்களே, அடுத்த தடவை ஒரு புதுப் பையன் வந்து "எத்தனை மடங்கு?"ன்னு கேட்டா, பம்பை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "தம்பி, என்ன வளர்க்கப் போறே?"

டிஸ்கி: இதைப் படிச்சு ஊர்ல தொட்டி வைக்கலாமேன்னு கிளம்பறவங்களுக்கு: இந்தியாவில் கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. ராமேஸ்வரம் பக்கம் போய்க் கல்லோட பேத்துக்கிட்டு வந்துடாதீங்க. மன்னார் வளைகுடாவுல அதுக்கு வேணுங்கிற ஓட்டத்தைக் கடலே கொடுக்குது, நம்ம பம்ப் தேவையில்லை.