ஒரே பிள்ளை, எத்தனை பதிவுகள்?

மாணவர் விவரத்திற்கு ஏபிடிஎம், ஒழுங்கிற்கு எஸ்எஸ்டிஎம், தேர்வு மதிப்பெண்ணுக்கு எஸ்ஏபிஎஸ் என ஒரே பிள்ளையைப் பன்முறை பதிந்து சலித்தவர்கள் நம் ஆசிரியர்கள். கல்வியமைச்சின் ஐடிஎம்இ வழியாகப் பதிவுகள் ஓரிடத்தில் சேர்வது வரவேற்கத்தக்கதே.

ஆனால் எதைக்கொண்டு சேர்ப்பது? பெயரைக்கொண்டு சேர்த்தால் தொல்லைதான். ஓரிடத்தில் லெட்சுமி, மற்றோரிடத்தில் லட்சுமி. 'ஏ/பி' ஒன்றில் இருக்கும், ஒன்றில் இராது. கணினிக்கு அவள் இருவர். மைகிட் அட்டையின் 12 இலக்க எண்ணே பொருத்தமானது.

அவ்வெண் இல்லாத பிள்ளைகளும் நம் சமூகத்தில் உள்ளனரே! பெற்றோரின் திருமணம் பதிவாகாமை போன்ற காரணங்களால் குடியுரிமை ஆவணம் கிட்டாதவர்கள் அவர்கள். தற்காலிக எண்ணில் பயிலும் பிள்ளைக்கு மைகிட் கிடைக்கும் நாளில், பழைய வருகையும் மதிப்பெண்ணும் புதிய எண்ணோடு இணைய வழி வேண்டும். இல்லையேல், நான்காம் ஆண்டு மாணவி அன்றுதான் பள்ளிக்கு வந்தவளாகத் தோன்றுவாள். பெற்றோரும் புதிய ஆவணத்தை உடனே பள்ளி அலுவலகத்தில் காட்டிவிடுவது நலம்.