அம்மி நகரும், பேரிங் நகராது!

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொல்லிவைத்த புண்ணியவான் கார் பேரிங் கழற்றியவர் அல்ல. பேரிங் விஷயத்தில் அடி மேல் அடி வைத்தால் நகர்வது நம் கட்டைவிரல் நகம் மட்டும்தான்.

நண்பர் ஒருவர். வங்கி உத்தியோகம். பழைய மாருதி 800 வைத்திருக்கிறார் (இந்த மாடல் தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுபோனது). முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒழுகி, ஸ்பீட் பிரேக்கரில் வண்டி தவளையாய்க் குதித்தது. மெக்கானிக் சொன்ன கூலியைக் கேட்டதும், 'நாமே மாத்தினா என்ன?' என்று விபரீத ஆசை. ஒரு ஞாயிறு காலை ஜாக்கி ஏற்றினார், சக்கரம் கழன்றது, ஸ்ட்ரட் கழன்றது. இதோடு நிறுத்தியிருக்கலாம். 'இவ்வளவு கழட்டியாச்சு, சத்தம் போடற வீல் பேரிங்கையும் மாத்திடுவோமே!'

பதினோரு மணிக்கு சுத்தியலை எடுத்தார். ஒரு மணிக்கு மூன்றாவது மாடி மாமி எட்டிப் பார்த்து, "எந்த வீட்டுல சுவரை இடிக்கிறாங்க?" என்றார். பேரிங் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தது.

ஏன் வராது? காரணம் இரண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே பேரிங்கைவிட அது உட்காரும் துளையை மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு சின்னதாகக் கடைந்து, அழுத்தி இறக்கியிருப்பார்கள். இரண்டு, துரு. இரும்பு துருப்பிடித்தால் முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கடற்காற்று ஊரில் பத்து மழைக்காலம் பார்த்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பி.காம். படித்தவனுக்கும் புரிகிற கணக்கு இது. இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு, 0.012 மில்லிமீட்டர்போல விரியும். 60 மில்லிமீட்டர் துளையை 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் சுமார் 0.07 மில்லிமீட்டர் விரிகிறது. ஒரு தலைமுடி கனம்! பேரிங்கின் பிடி தளர அது போதும். ஆகவே, வெளிக்கூட்டை மட்டும் சுற்றிலும் சூடேற்ற வேண்டும், உள்ளே இருக்கும் பேரிங் சூடாவதற்குள் தட்ட வேண்டும். சிவக்கும்வரை காய்ச்சக் கூடாது. ரப்பர், பிரேக் ஹோஸ், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு நெருப்பைக் கிட்டே கொண்டுபோங்கள்.

'ஸ்ப்ரே அடிச்சேன், வரலையே' என்பவர்களுக்கு: டபிள்யூ.டி.-40 என்பது 1953-ல் அமெரிக்காவில், நாற்பதாவது முயற்சியில் பிறந்த சரக்கு. பெயரில் உள்ள டபிள்யூ.டி.க்கு அர்த்தமே 'தண்ணீரை விரட்டுவது'தான். எந்த எண்ணெயானாலும் துருவுக்குள் இறங்க அவகாசம் வேண்டும். அடித்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் போதாது, ராத்திரி பூரா ஊறட்டும். மறுநாள் நெருப்பு காட்டுவதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

சில சமயம் பேரிங் பாதி வந்து, இன்னர் ரேஸ் ஹப்போடும் அவுட்டர் ரேஸ் துளையோடும் ஒட்டிக்கொள்ளும். அவுட்டருக்கு லேத் பட்டறைகளில் ஓர் அழகான வித்தை உண்டு. உள்சுற்றில் வெல்டிங் ஒரு வரி ஓட்டுவார்கள். ஆறும்போது ரேஸ் சுருங்கி, தானாகக் கையில் விழும். இன்னருக்கு, கிரைண்டரால் ஹப்பைத் தொடாமல் ஒரு கோடு கீறி, உளி வைத்து ஒரே தட்டு. 'டிங்' என்று வெடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இதைச் செய்யாதீர்கள். பேரிங் எஃகு கெட்டியானது. ஆனால் அடித்தால் சில்லு தெறிக்கும். பேரிங் கடையில் கிடைக்கும், கண் கிடைக்காது.

புதுசை மாட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழசை எப்படி அடித்தாலும் பாவமில்லை, குப்பைக்குப் போவதுதானே! புதுசைத் துளைக்குள் இறக்கும்போது அவுட்டரைத்தான் அழுத்த வேண்டும். ஹப்பில் ஏற்றும்போது இன்னரை. மாற்றி அழுத்தினால் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய், கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். சில மாதத்தில் மறுபடி அதே 'ஊ...' சத்தம். இறக்குவதற்கு முன், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரீஸரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கிக் கொடுக்கும். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

எதை நாமே செய்யலாம், எதைக் கூடாது? கழற்றுவது, துடைப்பது, ஊறவைப்பது நம் வேலை. பிரஸ்ஸில் அழுத்துவதைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல. ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள நட்டை, ஸ்பிரிங்கைக் கம்ப்ரெஸரில் இறுக்காமல் தொடவே தொடாதீர்கள். பாய்ந்து வந்தால் ஆளையே முடித்துவிடும். ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டவும் கூடாது. ஸ்டாண்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் ரேடியோவை அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுங்கள். சத்தமே வராவிட்டால் ஜெயித்துவிட்டீர்கள். ஒழுங்காக உழைக்கிற பேரிங்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஆபீஸிலும் அப்படித்தானே சார்?