சவுக்குக்கு பைன் காட்டு மண் தேவையா?

‘‘இரண்டு ஏக்கர் செம்மண் நிலத்தில் சவுக்கு போடப் போகிறேன். சவுக்கு, பைன் இனம். கொடைக்கானல் பைன் காட்டு மண்ணை மூட்டைக் கணக்கில் வாங்கிக் கலந்தால்தான் நாற்று தேறும் என்கிறார் ஒருவர். உண்மையா?’’
- வாசகர், சங்கரன்கோவில்.

மண் மூட்டைக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். சவுக்கு பைன் இனமே இல்லை. ஊசி இலை போலத் தெரிவது பச்சைக் குச்சி. இழுத்தால் கணுவில் கழன்று வரும். கணுவைச் சுற்றியிருக்கும் பொடிச் செதில்கள்தான் இலை.

இந்த மரம் விஞ்ஞானிகளையே குழப்பியிருக்கிறது. ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்கா இயக்குநராக இருந்த மெல்கியோர் ட்ரூப், சவுக்குப் பூவில் மகரந்தக் குழாய் வழக்கமான வாசலை விட்டுவிட்டு, சூலின் அடிப்பக்கமாக நுழைவதை 1891-ல் எழுதினார். பைனுக்கும் பூக்கும் தாவரங்களுக்கும் நடுவில் நிற்கும் மரமோ என்ற பேச்சு அதன்பின் வெகுகாலம் ஓடியது. பிற்பாடு சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய பி.ஜி.எல்.சுவாமி, 1948-ல் சவுக்கின் கரு வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அது முழுக்கப் பூக்கும் தாவரத்தின் வளர்ச்சிதான்.

பைனில் சூல், செதில்மேல் திறந்தே கிடக்கும். மகரந்தம் வந்து விழுந்தாலும் கருவாக ஏறக்குறைய ஓராண்டு ஆகும். கருவுக்குத் தீனி தரும் திசு அதற்கு முன்பே உருவாகிவிடும். பிறகு ஒரு கரு நான்காகப் பிளந்து, ஒன்றுதான் கடைசியில் மிஞ்சும். முளைக்கும்போது பல வித்திலைகள். சவுக்கிலோ கத்திரி, மிளகாய் போல சூல் மூடிய பைக்குள் இருக்கும். மகரந்தத்திலிருந்து வரும் இரண்டு உயிரணுக்களில் ஒன்று கருவை உண்டாக்க, மற்றது தீனியை உண்டாக்கும். முளைத்தால் இரண்டே வித்திலைதான். ஓக், வால்நட் மரங்கள்தான் இதற்குச் சொந்தம்.

உண்மையான பைன் உறவு உங்களுக்குத் தெற்கே அகத்தியமலைக் காட்டில் இருக்கிறது. நாகியா என்ற அந்த மரத்தின் இலை ஊசியாக இல்லாமல் அகலமாக இருப்பதுதான் வேடிக்கை!

பைன் வேருக்குத் துணை, ஒருவகைப் பூஞ்சணம். அதனால்தான் புது இடத்தில் பைன் நடும்போது பழைய பைன் காட்டு மண்ணைப் போடுவார்கள். சவுக்குக்கோ பிராங்கியா என்ற நுண்ணுயிர் வேண்டும். வேர் முடிச்சில் தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கும். பைன் வேரில் அது முடிச்சு போடாது. ஆக, நீங்கள் தேட வேண்டியது பழைய சவுக்குத் தோப்பைத்தான். நோயில்லாத மரத்தின் வேர் முடிச்சுகளை எடுத்துக் கழுவி, அரைத்து, தண்ணீரில் கரைத்து நாற்றின் வேர்ப் பகுதியில் ஊற்றுங்கள். நாற்றங்காலில் எறும்பு விதையை இழுத்துப் போய்விடும். முளைக்கும்வரை அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.