படுக்கைக்கு 180 லிட்டரா?



முகூர்த்த மாதங்களில் பட்டெடுக்க வருகிறவர்களால் ஆரணி லாட்ஜுகள் நிரம்பும். ஆடியில் பாதி அறை பூட்டியே கிடக்கும். அறைக் கணக்கில் நகராட்சி குடிநீர்க் கட்டணம் விதித்தால் எப்படிச் சரியாகும்? இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1172 தரநிலை, சாதாரண ஓட்டலில் படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர், உணவகத்தில் இருக்கைக்கு 70 லிட்டர் என்கிறது. அந்த அளவு தொட்டியும் குழாயும் அமைக்கத்தான். பில் போட அல்ல.

மீட்டர் வைத்து, ஓடிய தண்ணீருக்கு வசூலிக்கட்டும். சாலையோர இட்லிக் கடையையும் ஏ.சி. லாட்ஜையும் ஒரே ‘வணிக’ வகையில் தள்ளாமல், முதல் சில ஆயிரம் லிட்டருக்குக் குறைந்த விலை, அதற்குமேல் ஏறுமுக விலை என வைக்கட்டும். போர்வெல்லுக்கும் மீட்டர் வேண்டும். இல்லையேல் வசதியுள்ளவர் நகராட்சிக் குழாயை மூடிவிட்டு மோட்டாரைப் போடுவார். கமண்டல நாகநதி வறண்டு கிடக்கும் கோடையில் பக்கத்து வீட்டுக் கிணறுதான் அதற்கு விலை கொடுக்கும்.

– ஒரு வாசகர், ஆரணி