குழவித் துயில்

பச்சிளங் குழவியை மல்லாத்திக் கிடத்துக என்கிறார் மருத்துவமாது. பால் புரையேறுமே என அஞ்சுகிறாள் தாய். ஏறாவூரில் தமிழர் இல்லத்தும் முஸ்லிம்கள் இல்லத்தும் இவ்வச்சத்தை யான் கேட்டிருக்கின்றேன். அறிவிலாள் என அவளை எள்ளுதல் தகாது. பிள்ளையைக் காக்கும் கவலையே அவளைத் தடுக்கின்றது.

அக்கவலைக்கு விடையுண்டு. மல்லாந்த குழவிக்கு மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாய் அமைதலின், கக்கிய பால் மூச்சுக்குழலுள் எளிதிற் புகாது. அமெரிக்காவில் 1994 இல் இவ்வறிவுரை பரப்பப்பட்டபின், உறக்கத்தில் நேரும் காரணமறியாச் சிசு மரணங்கள் பத்தாண்டுகளுள் ஏறத்தாழப் பாதியாயின.

ஆதலின் ஆணை மட்டும் போதாது. காரணமும் கூறல் வேண்டும். மருமகன் பெண்வீட்டிற் குடியேறும் வழக்குடைய இப்பகுதியில், குழவியைப் பேணும் அம்மம்மாவுக்கும் உம்மம்மாவுக்கும் அதனை உரைத்தல் வேண்டும். தாலாட்டு மாறவேண்டுவதில்லை, உறுதியான படுக்கையில், தலையணையின்றி, குழவியை மல்லாத்திக் கிடத்துக.